டாக்டர் தலை குனியும் காட்சி

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் மாதம் ஒரு முறை பழைய படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, அதைப் பற்றிச் சற்று நேரம் பேசுவது வழக்கம். சென்ற மாதம் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். மும்பையிலேயே பிறந்து மும்பையிலேயே கல்லூரியில் படிக்கிறவள். “மாமா, ஆஸ்பத்திரி என்றாலே பெரியவர்கள் எல்லோரும் பயப்படுகிறீர்கள். அப்படியிருக்க, ஆஸ்பத்திரிப் படத்தை மட்டும் ஏன் இப்படித் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

கூடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டிய நேரம் ஆகிவிட்டதால் அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. இதழ் ஆசிரியரும் “அதையே இந்த மாதப் பாடமாக எழுதிவிடுங்களேன்” என்றார். எனக்குப் பட்டதை எழுதுகிறேன். நான் திரைப்படத் துறை சார்ந்தவன் அல்லன். ரயில்வேயில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். படம் பார்த்த அனுபவம் உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த அனுபவம் அதைவிட அதிகம் உண்டு.

முதலில், கதை சொல்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்ப்போம். ஒரு கிராமத்துக் கதையில் முன்பின் அறியாத இரண்டு பேரைச் சந்திக்க வைக்க வேண்டுமானால் திருவிழாவோ ரயில் பயணமோ வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்தத் தொல்லையே இல்லை. பணக்காரன், ஏழை, குழந்தை, கிழவர் எல்லோரும் அடுத்தடுத்த அறையில் இருப்பார்கள். யார் எப்போது வந்தாலும் “ஏன் வந்தாய்?” என்று கேட்க வேண்டியதில்லை. அதோடு கூடவே ஒரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டால், அந்தத் தேதி வரை பார்க்கிறவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

இதை ஸ்ரீதர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வெளிவந்த ஆண்டு 1962. அநேகமாகப் படம் முழுவதும் ஸ்டூடியோவுக்குள் போட்ட ஓர் ஆஸ்பத்திரி செட்டில் எடுக்கப்பட்டது. ஒரு மாதத்திற்குள் படப்பிடிப்பையும் முடித்துவிட்டார்கள். அன்றைய நிலையில் அது பெரிய அதிசயம். சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் அந்தச் சிக்கனமே படத்துக்குப் பலமாகி விட்டது. வெளியே போக வழியில்லாமல் அந்த நான்கு பேரோடு நாமும் உள்ளே அடைபட்டுப் போகிறோம். ஒளிப்பதிவாளர் வின்சென்ட் கேமராவைக் கட்டிலுக்கு அடியில்கூடக் கொண்டுபோனார். சுசீலாவின் பாடல் ஒன்றில் தேவிகாவின் முகத்தையும் முத்துராமனின் முகத்தையும் கட்டில் கம்பிகளும் நிழல்களும் பிரிக்கும் அழகைக் கவனியுங்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, வெள்ளைக் கோட்டு, இவற்றின் மேல் விழும் நிழல்: கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஆஸ்பத்திரியைப் போல இசைந்த இடம் வேறில்லை என்பது என் கட்சி. வண்ணப்படம் வந்த பிறகு ஆஸ்பத்திரிகள் பச்சைத் திரையும் நீலச் சுவருமாக மாறின. எனக்கு என்னவோ அவற்றில் மருந்து வாசனை வருவதில்லை.

அடுத்தது நோய். ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்துக்கு ஓராண்டு முன்னால், 1961-ல், பீம்சிங்கின் ‘பாலும் பழமும்’ வந்தது. சிவாஜி புற்றுநோய்க்கு மருந்து தேடும் டாக்டர். சரோஜாதேவி நர்ஸ், பிறகு மனைவி. மனைவிக்குக் காசநோய் வந்துவிடுகிறது. தன்னைக் கவனிப்பதிலேயே கணவரின் ஆராய்ச்சி நின்றுபோகும் என்று அவள் வீட்டைவிட்டே போய்விடுகிறாள். காசநோய் என்றால் ஊரை விட்டு, உறவை விட்டு, எங்கோ மலையடிவாரத்தில் சானடோரியத்தில் கிடக்க வேண்டும் என்ற பயம் அன்று ஜனங்களுக்கு இருந்தது. கதை அந்தப் பயத்தின் மேல் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயத்துக்கு முடிவு கட்டிய ஆராய்ச்சி நடந்ததே சென்னையில்தான். 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைகிறார்கள் என்று 1959-ல் உலகுக்கு அறிவித்தார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். சரோஜாதேவி வீட்டை விட்டுப் போயிருக்கவே வேண்டாம்!

காசநோய்க்கு மாத்திரை வந்துவிட்டது. அப்புறம் கதாசிரியர்களுக்கு வேறு நோய் வேண்டியிருந்தது. ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் முத்துராமனுக்குப் புற்றுநோய். நம் நாட்டில் அந்த நோய்க்கென்றே ஆஸ்பத்திரிகள் அப்போதுதான் ஊன்றத் தொடங்கியிருந்தன. நம் பரேலில் டாடா நினைவு மருத்துவமனை 1941-ல் திறக்கப்பட்டது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954-ல். தம் தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். பெயரைச் சொன்னாலே ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்ட காலம். அந்தப் பெயரைக் கதாநாயகனுக்குச் சூட்டித் திரையில் உரக்கச் சொன்னது சாதாரணக் காரியமில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். டாக்டர் முரளியாகக் கல்யாண்குமார். நோயாளி வேணுவாக முத்துராமன். அவர் மனைவி சீதாவாகத் தேவிகா. அவள் டாக்டர் முன்பு காதலித்த பெண். இது வேணுவுக்குத் தெரியவருகிறது. தான் பிழைக்காவிட்டால் நீ அவரையே மணந்துகொள் என்று அவர் மனைவியிடம் சொல்லிவிடுகிறார். அவளோ துடித்துப்போகிறாள். அதற்கு மேல், பழைய காதலர் தன் கணவரை ஒழுங்காகக் காப்பாற்றுவாரா என்ற சந்தேகமும் அவளுக்கு வருகிறது. முரளி இரவு பகலாகப் படித்து, உழைத்து, ஆபரேஷனைச் செய்து வேணுவைப் பிழைக்க வைக்கிறார். அந்த உழைப்பில் தம் உயிரையே விட்டுவிடுகிறார்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது திருநெல்வேலியில், அப்பா அம்மாவோடு. எனக்கு அப்போது 11 வயது. எனக்கு நாகேஷ் மட்டும்தான் நினைவில் நின்றார். படம் விட்டு ஜங்ஷனுக்கு நடந்து வரும்போது அம்மா, “அந்த டாக்டரைப் போல ஒரு மனுஷன் உண்டா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, “டாக்டரு பெரிய ஆளுதான். ஆனா அந்தப் புருஷங்காரன் இருக்கான் பாரு, சாகப் போறதை வாயைத் தொறந்து பெண்டாட்டிகிட்ட பேசினானே, அதுக்கு ஒரு தைரியம் வேணும்” என்றார். அது ஏன் எனக்கு மறக்கவில்லை என்று தெரியவில்லை. அப்பா சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிற ஆள் இல்லை, அதனால் இருக்கலாம்.

இந்தப் படத்தை ஸ்ரீதரே 1963-ல் இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’ என்று எடுத்தார். ராஜேந்திரகுமார், மீனாகுமாரி, ராஜ்குமார் நடித்தார்கள். நம் கதை இங்கே வந்து வெற்றி பெற்றதில் நமக்குப் பெருமைதான். எனினும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தமிழ்தான் ஒரு படி மேல் என்பேன். கேட்டால் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுவோம்.

வங்காளத்திலிருந்து வந்த படம் ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். அசித் சென் 1959-ல் சுசித்ரா சென்னை வைத்து ‘தீப் ஜ்வேலே ஜாய்’ எடுத்தார். அதே கதை 1960-ல் சாவித்திரி நடித்துத் தெலுங்கில் ‘சிவரகு மிகிலேதி’ ஆயிற்று. அசித் சென்னே 1969-ல் இந்தியில் ‘காமோஷி’ என்று வஹீதா ரஹ்மானை வைத்து மறுபடி எடுத்தார். எல்லோரும் வண்ணத்துக்குப் போய்விட்ட காலத்தில் அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனநல விடுதி ஒன்றில் ஒரு நர்ஸ். காதலில் ஏமாந்து மனம் பேதலித்த நோயாளியிடம் அன்பாக இருப்பதுபோல் நடித்து அவனைக் குணப்படுத்த வேண்டும். மேலதிகாரி டாக்டரின் பரிசோதனை அது. முதல் நோயாளி குணமாகிப் போய்விடுகிறான். அவளுக்குத்தான் அது நடிப்பாக இருக்கவில்லை. இரண்டாவது நோயாளியையும் அவள் தலையில் கட்டுகிறார்கள். கடைசியில் அவளே அந்த விடுதியில் நோயாளியாகிறாள்.

வைத்தியம் என்று பார்த்தால் இது முழுக்கத் தவறு. இன்று எந்த மனநல மருத்துவரும் இதை ஒப்ப மாட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளிக்கு அளித்திருக்கும் உரிமைகளைப் படித்தால் அந்த டாக்டர் எத்தனை விதத்தில் மாட்டிக்கொள்வார் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனாலும் ஒன்று. மற்றப் படங்களில் டாக்டரின் தியாகத்தைக் கண்டு கைதட்டுகிற நாம், இதில் மட்டும் டாக்டரின் முகத்தைப் பார்த்துக் கோபப்படுகிறோம். கவனிக்கிறவளை யார் கவனிப்பது என்று யாருமே யோசிக்கவில்லையே என்று அடித்துக்கொள்கிறது. மாமியாருக்கோ மாமனாருக்கோ வருஷக்கணக்கில் பணிவிடை செய்த நம் வீட்டுப் பெண்கள் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள், புரியும்.

இனி ‘ஆனந்த்’. ரிஷிகேஷ் முகர்ஜியின் படம், 1971. பம்பாய் நகருக்கும் ராஜ்கபூருக்கும் காணிக்கை என்று போட்டுத்தான் படமே தொடங்குகிறது. குடலில் புற்று, இன்னும் சில மாதங்கள்தான் என்ற நிலையில் டில்லியிலிருந்து பம்பாய்க்கு வந்து இறங்குகிறான் ஆனந்த். ராஜேஷ் கன்னா. டாக்டர் பாஸ்கராக அமிதாப் பச்சன். இந்த ஊரில் ஆனந்துக்குச் சொந்தபந்தம் கிடையாது. வழியில் போகிறவனை ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டு உறவு கொண்டாடுகிறான். வந்த சில நாளில் மேட்ரன் அவனுக்குத் தாய், நாடகக்காரர் ஒருவர் குரு, டாக்டர் அண்ணன் என்று ஒரு குடும்பமே சேர்ந்துவிடுகிறது. வேலை தேடி இந்த ஊருக்கு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய நம்மில் எத்தனை பேர் இப்படித்தான் அத்தையையும் சித்தப்பாவையும் சால் வாசலில் சம்பாதித்துக்கொண்டோம்! இந்தப் படம் தமிழ்ப் படமில்லை என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

பொதுவாக ஆஸ்பத்திரிப் படங்களில் பணம் கட்டும் ஜன்னல் மட்டும் கண்ணிலேயே படாது. ‘ஆனந்த்’ அதையும் விடவில்லை. வியாதியே இல்லாத பணக்காரர்களுக்கு மாத்திரை கொடுத்துக் காசு வாங்கி, அதில் ஏழைகளைப் பார்க்கிறேன் என்கிறார் ஒரு டாக்டர். பாஸ்கருக்கோ பசிதான் வியாதி என்று தெரிந்த நோயாளிகள். அதற்கு என்ன மருந்து எழுதுவது? இது 1971-ல் கேட்ட கேள்வி.

இந்தப் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 1980-ஆம் வருஷத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டு அப்பாவுக்கு வயிற்றுவலி என்று ஊரிலிருந்து என்னிடம் அழைத்து வந்தோம். நான் பம்பாய்க்கு வந்து 8 வருஷம் ஆகியிருந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனைகளும் செய்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். அப்பாவின் எதிரிலேயே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். “நான் சொன்னதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான், “வயிற்றுப் புண்தானாம், மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடுமாம்” என்றேன். அப்பா டாக்டருக்குக் கும்பிடு போட்டார்.

ஊரில் இருந்திருந்தால் இந்தப் பொய் ஒரு நாள் தாங்கியிருக்காது. கம்பவுண்டர் சொல்லியிருப்பார், பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருப்பார். இங்கே அப்பாவுக்கு இந்தி தெரியாது, மராத்தி தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவருக்கும் இந்த ஊருக்கும் நடுவில் நான் ஒருவன்தான் வாய். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அவர் வியாதி.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு மாலை பக்கத்து வீட்டு டெலிவிஷனில் ‘ஆனந்த்’ போட்டார்கள். அந்த வீட்டம்மா மராத்திக்காரர். அப்பாவுக்கு நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்துவிட்டார். எழுந்து போகச் சொல்ல எனக்கு வழியில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா, “அந்தப் பையனுக்கு என்ன சீக்கு?” என்றார். “இருதயக் கோளாறுப்பா” என்றேன். அவர் தலையாட்டினார். கடைசிக் காட்சியில், ஆனந்த் போன பிறகு டேப் ரிக்கார்டரில் அவன் குரல் வருகிறதே, அங்கே அந்த அறையில் எல்லோரும் அழுதார்கள். அப்பா அழவில்லை. வீட்டுக்கு வந்து மோர்ச்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

நான்கு மாதத்தில் அப்பா போய்விட்டார். கடைசி வரை “வயித்துப் புண்ணு இன்னும் ஆறலை” என்றுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல வருஷம் கழித்து, அதே படம் ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்தபோது, என் மனைவி அதைச் சொன்னாள். அன்று இரவு நான் தூங்கிய பிறகு அப்பா அவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: “அந்தப் பையன் சிரிக்கும்போதெல்லாம் டாக்டரு தலையைக் குனிஞ்சுக்கிடுதான். நம்ம பயலும் ரெண்டு மாசமா அப்படித்தான் குனிஞ்சுக்கிட்டுத் திரியுதான். எனக்குத் தெரியும்னு அவன்ட்ட சொல்லிராத தாயி. அவன் தாங்க மாட்டான்.”

அந்தப் படத்தை அதற்கு முன் நான் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். அமிதாப் தலை குனிவதை நான் கவனித்ததே இல்லை. வசனம் ஒன்றுகூடப் புரியாத அப்பா கவனித்திருக்கிறார்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். நிஜ ஆஸ்பத்திரியில் நாம் யாரும் யாரிடமும் எதையும் பேசுவதில்லை. “ஒன்றுமில்லை, சரியாகிவிடும்” என்பதற்கு மேல் நமக்கு வாய் வருவதில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலையும் சாத்துக்குடியையும் வைத்துவிட்டு வருகிறோம். படத்தில் வேணு பேசுகிறார், ஆனந்த் பேசுகிறான். படுத்திருக்கிறவன் தைரியமாக இருக்கிறான், நிற்கிறவர்கள்தான் நடுங்குகிறார்கள். வீட்டில் பேசாமல் விட்ட பேச்சை அங்கே யாரோ பேசக் கேட்கலாம் என்றுதான் மறுபடி மறுபடி போய் உட்காருகிறோம் போலிருக்கிறது. டாக்டரின் தியாகம், பழைய காதல், சிவப்பு விளக்கு எல்லாம் அதற்குப் போட்ட பந்தல்.

படங்கள் சொல்வது அத்தனையும் சரி என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் ஆனந்தைப் போலச் சிரித்துக்கொண்டு இருக்க முடியாது. இருக்கச் சொல்வதும் கொடுமை. வலி என்று ஒன்று இருக்கிறது, அதைப் படங்கள் அநேகமாகக் காட்டுவதில்லை. குணப்படுத்த முடியாதவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்வதற்கென்றே நம் பாந்த்ராவில் சாந்தி அவேத்னா சதன் 1986-ல் தொடங்கிற்று. நம் நாட்டில் அப்படிப்பட்ட இல்லங்களில் அதுவே முதலாவது. ‘ஆனந்த்’ வந்து 15 வருஷத்துக்குப் பின், அப்பா போய் 6 வருஷத்துக்குப் பின்.

ஓய்வு பெற்ற பிறகு, சிகிச்சைக்காக இந்த ஊருக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்புத் துணையாக அவ்வப்போது போய் வருகிறேன். தென்காசியிலிருந்தும் வேலூரிலிருந்தும் வருகிறார்கள். டாக்டரின் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் மகனோ மருமகனோ என்னைத் தனியே அழைத்து, “சார், அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க” என்பார்கள். ‘நான் யார் தெரியுமா, இந்த வேலையில் உங்களுக்கெல்லாம் மூத்தவன்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். முன்பெல்லாம் சரி என்று தலையாட்டுவேன். இப்போது, “அவர் கேட்காததை நான் சொல்ல மாட்டேன். கேட்டால் டாக்டர் சொன்னபடி சொல்வேன். அது வேண்டாமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்” என்கிறேன். சிலர் வேறு ஆளைப் பார்க்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

சென்ற வருஷம் ஒரு பெரியவர் கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, ஊரில் உழவுக்கு விட்ட இரண்டு ஏக்கர் விஷயமும், ஒரு பழைய கடன் விஷயமும் ஒரு மணி நேரம் பேசினார். மகன் எழுதிக்கொண்டான். நான் வெளியே வந்து டீ குடித்தேன்.

அடுத்த மாத வகுப்பில் ‘ஆனந்த்’ போடுகிறோம். மாணவர்கள் பார்க்கும்போது ஒரு வேலை செய்ய வேண்டும்: ஆனந்த் சிரிக்கும் காட்சிகளில் அவனைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவர்களை மட்டும் பார்த்து, யார் எங்கே முகத்தைத் திருப்புகிறார்கள் என்று குறித்து வாருங்கள். வீட்டில் இந்தி தெரியாத தாத்தா பாட்டி இருந்தால் கட்டாயம் அழைத்து வரவும். பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டாம். சரியாக 4 மணிக்குத் தொடங்கிவிடுவோம். படம் 2 மணி நேரம்தான்.